கடல் ஆமைகளோடு நீந்தப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாஸ்க்கும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு, நீர்ப்பரப்பில் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் ஸ்நோர்க்கெலிங். சிலிண்டர் தேவையில்லை, ஆழத்துக்கும் போக வேண்டியதில்லை. ஹவாய், மெக்சிகோவின் அகுமால், மாலத்தீவு, கலாபகோஸ், ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்று ஆமைகள் கரையோரம் மேயும் இடங்களில் எல்லாம் வழிகாட்டியோடு தனியாகக் கூட்டிப்போகும் பயணங்கள் இருக்கின்றன. அப்படிப் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தனிப்பயணம் என்றால் என்ன? எல்லோரும் போகும் படகிலேயே போனால் ஆகாதா?

தனிப்பயணத்தில் படகும் வழிகாட்டியும் உங்கள் குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ மட்டும். கூட்டுப் படகில் முன்பின் தெரியாத பலரோடு போவீர்கள். ஆமையைப் பார்க்க எது நல்லது என்று கேட்டால், தயங்காமல் தனிப்பயணம் என்பேன். வசதியைவிட அமைதிதான் அதற்குக் காரணம்.

இருபது பேர் ஒரே சமயத்தில் தண்ணீரில் குதித்து, ஒருவர் "அதோ ஆமை!" என்று கை காட்டினால் என்ன ஆகும்? இருபது பேரும் ஒரே இடத்துக்குப் போவார்கள். ஆமை அரை நிமிடத்தில் இடத்தைக் காலி செய்துவிடும். மூன்று நான்கு பேர் மட்டும் சத்தமில்லாமல் மிதந்தால் அதே ஆமை அரை மணி நேரம்கூட அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று, கூட்டுப் படகில் நேரம் கறாராக இருக்கும். மாஸ்க்கைச் சரிசெய்யவே பத்து நிமிடம் எடுப்பவர்கள் அங்கே தவித்துப்போவார்கள். தனிப்பயணத்தில் வழிகாட்டி உங்கள் வேகத்துக்கு வருவார். பயந்தவர் ஒருவர் இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டே கூட நீந்துவார்.

ஆனால் "தனிப்பயணம்" என்று பெயர் போட்டுவிட்டு வேறு குழுவையும் சேர்த்து ஏற்றுபவர்கள் உண்டு. பதிவு செய்யும்போதே "படகில் எங்களைத் தவிர வேறு யாராவது வருவார்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம், நீங்கள் பதற்றப்படாதவராக இருந்தால். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வழிகாட்டி இழுத்துச் செல்லும் மிதவை வளையத்தைப் பிடித்தபடி மிதக்க நீச்சல் அவசியமில்லை. உப்புநீர் உடலை நன்றாகவே தாங்கும். தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு வாயால் மூச்சுவிட முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

அதை முதல் நாளே இடுப்பளவு ஆழமுள்ள இடத்தில் பழகிப்பாருங்கள். நீச்சல் குளமாக இருந்தாலும் சரி. மூச்சுக்குழலைப் பல்லால் இறுக்கிக் கடிக்காதீர்கள், உதட்டால் கவ்வினால் போதும். ஆரம்பத்தில் எல்லோருமே வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகினால் இரண்டு மூன்று நிமிடத்தில் உடம்பு அடங்கிவிடும். குழலுக்குள் தண்ணீர் புகுந்தால் தலையைத் தூக்கிப் பதறாமல் "தூ" என்று ஒரே மூச்சில் பலமாக ஊதுங்கள், வெளியே போய்விடும். இது மட்டும் கைவந்துவிட்டால் பாதிப் பயம் தீர்ந்த மாதிரி.

வழிகாட்டி படகில் உட்கார்ந்துகொண்டு உங்களை மட்டும் தண்ணீரில் இறக்கிவிடும் இடமாக இருந்தால், நீச்சல் தெரியாதவர் இறங்கவே கூடாது.

ஆமை கட்டாயம் கண்ணில் படுமா?

யாரும் உறுதி தர முடியாது. ஆனால் நல்ல இடத்தில் வாய்ப்பு மிக அதிகம். பேராமை என்ற வகை ஆமைகள் ஒரு கடற்புல் மேட்டைப் பிடித்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே மேயும், ஓய்வெடுக்கவும் வழக்கமான பாறையிடுக்குக்கே திரும்பும். அந்த வட்டாரத்திலேயே வேலை செய்யும் வழிகாட்டிக்கு அந்த இடங்கள் அத்துப்படி. "ஆமை தெரியாவிட்டால் பணம் வாபஸ்" என்ற வாக்குறுதியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பணத்தைத் திருப்பித் தர மனமில்லாதவர் ஆமையைத் துரத்தியாவது காட்டத்தான் பார்ப்பார்.

என்னென்ன ஆமைகளைப் பார்க்கலாம்? எப்படி அடையாளம் காண்பது?

உலகில் கடல் ஆமைகள் மொத்தம் 7 வகை. ஸ்நோர்க்கெலிங் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டுதான்: பேராமை, அழுங்காமை. பெருந்தலை ஆமை சில இடங்களில் தென்படும். ஏழுவரி ஆமை ஆழ்கடல்வாசி, கரையோரம் மிதப்பவர்கள் அதைப் பார்ப்பது அபூர்வம்.

பேராமைக்கு முகம் உருண்டை, ஓடு வழவழப்பு. வளர்ந்தது ஒரு மீட்டர் நீளம், நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அழுங்காமை அதைவிடச் சிறியது. வாய் பருந்தின் அலகு போலக் கூர்ந்து வளைந்திருக்கும், ஓட்டின் தகடுகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்பக்கம் பல்பல்லாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் இரு கண்களுக்கும் நடுவே, மூக்குக்கு மேலே பாருங்கள். பேராமைக்கு அங்கே ஒரு ஜோடி செதில், அழுங்காமைக்கு இரண்டு ஜோடி. படம் எடுத்துப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தின்னும் தீனியை வைத்தும் சொல்லலாம். புல்வெளியில் மேய்ந்தால் பேராமை. பவளப்பாறை இடுக்கில் தலையை நுழைத்துக் கடற்பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தால் அழுங்காமை. வால் நீளமாகத் தடித்து ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் வளர்ந்த ஆண். வால் குட்டையாக இருந்தால் பெண் என்று முடிவு கட்டிவிட முடியாது, இளம் ஆணுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆமையிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

ஹவாயில் பரிந்துரைப்பது 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர். சில இடங்களில் இதைவிட அதிகம் சொல்வார்கள். அந்தந்த இடத்து விதியே முதலில். விதி எதுவும் இல்லாத இடத்தில் 3 மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் இதில் கொஞ்சம் ஏமாற்றும். மாஸ்க் வழியே பார்க்கும்போது தண்ணீருக்குள் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். 4 மீட்டரில் இருக்கும் ஆமை 3 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். இது ஆமைக்கு நல்லதுதான். கேமரா இதற்கு நேர் எதிர். ஆக்‌ஷன் கேமராக்களின் அகலக்கோண லென்ஸில் ஆமை சின்னதாக, தூரத்தில் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே நீந்துபவர் தன்னையறியாமல் முன்னே முன்னே போவார். ஆமையை மோதும் அளவுக்கு நெருங்கிவிடுகிறவர்களில் பலர் கையில் கேமராதான் இருக்கும்.

தூரத்தைப் போலவே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் முக்கியம். ஆமைக்கு நேர் மேலே மிதக்கவே கூடாது. மீனைப் போல அதற்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மேயும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். அசையாமல் படுத்திருந்தால் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆனால் பயந்து வேகமாக நீந்தினால் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் மேலே வரப் பார்த்தால், வழியை மறித்துக்கொண்டு நான்கு பேர் மிதந்துகொண்டிருப்பார்கள். ஆமை பாதி தூரம் ஏறிவிட்டு, மூச்சு வாங்காமலே மறுபடி கீழே இறங்கும். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அதனால் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி மிதங்கள். அது உங்களை ஒரு கண்ணால் பார்க்க முடிய வேண்டும், முன்னேயும் மேலேயும் வழி திறந்திருக்க வேண்டும். குழுவாக இருந்தால் எல்லோரும் ஒரே பக்கம் நில்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். ஆமை மூச்சு வாங்க ஏறி வருவதைக் கண்டால் அப்படியே அசையாமல் இருங்கள். தலை தண்ணீருக்கு மேலே ஒரு விநாடி வந்து, "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய காற்று வெளியே, புதுக் காற்று உள்ளே, ஒரே மூச்சில் முடிந்துவிடும். பக்கத்தில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்பதைவிட நல்ல பரிசு இந்தப் பயணத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ஆமையே என்னை நோக்கி வந்தால் என்ன செய்வது?

கையைக் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் மிதங்கள், அல்லது மெல்லப் பின்வாங்குங்கள். அது தன் வழியில் போய்விடும். அதுவாக அருகே வந்தது என்பதற்காகக் கை நீட்டக் கூடாது.

மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?

ஓடு கல் போல இருப்பதால் அதற்கு உணர்வில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டில் நரம்புகள் உண்டு, தொட்டால் ஆமைக்குத் தெரியும். கடல் ஆமையால் தரை ஆமையைப் போலத் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் முடியாது. தப்பிக்க அதற்கு ஒரே வழி நீந்தி ஓடுவதுதான். மேய்ச்சலை விட்டு, ஓய்வை விட்டு ஓடும். ஒருவர் தொட்டால் ஒருமுறை, ஆனால் நாள் முழுக்கப் படகுகள் வந்துபோகும் இடத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டத்தின்கீழ் கடல் ஆமைகளைத் துன்புறுத்துவது குற்றம். இன்னும் பல நாடுகளில் இதே போன்ற தடை உண்டு.

ஆமை எரிச்சலில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிம்மதியாக இருக்கும் ஆமை உங்களைப் பொருட்படுத்தாது. தரையில் முன்துடுப்புகளை ஊன்றி, தலையைச் சாய்த்து, ரம்பம் போன்ற விளிம்புள்ள தாடையால் புல்லை நறுக்கும். மணல் சின்னப் புகை போலக் கிளம்பும், மென்றபடியே அடுத்த கொத்துக்கு நகரும். சில நேரம் முதுகில் ஒட்டுமீன் ஒன்று சவாரி செய்துகொண்டிருக்கும். சில பாறைகளில் ஆமை கைகால்களைத் தளர விட்டு மிதக்க, மீன்கள் கூட்டமாக வந்து ஓட்டில் படிந்த பாசியைக் கொறிப்பதையும் பார்க்கலாம். அங்கே இன்னும் தள்ளி நில்லுங்கள், நாம் நெருங்கினால் மீன்கள் கலைந்துவிடும்.

எரிச்சல் வந்துவிட்டால் மேய்வது சட்டென்று நிற்கும். தலை உங்கள் பக்கம் திரும்பும். முன்துடுப்பால் முகத்தைத் துடைப்பது போல ஒரு வீச்சு வீசும். இது செல்லமாகக் கையாட்டுவது இல்லை, "போதும்" என்கிறது. திசையை மாற்றிக்கொண்டே நீந்துவது, துடுப்பை வேகவேகமாக அடிப்பது எல்லாம் அடுத்த கட்டம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள், தொடர்ந்து போகாதீர்கள்.

கடிக்குமா?

வம்புக்குப் போகாதவரை கடிக்காது. ஆனால் தாடை பலமானது, விரல் போனால் போனதுதான். தீனி கொடுத்துப் பழக்கிய இடங்களில் ஆமைகள் மனிதக் கையைத் தேடி வரும், அங்கேதான் கடிபடுவது அதிகம். தீனி கொடுக்காதீர்கள், கொடுப்பவரின் படகிலும் ஏறாதீர்கள்.

மாஸ்க்கில் தண்ணீர் புகுகிறது, பனி படிகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்ததும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க். வாரை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு, அதிகம் இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் கசியும். நெற்றியில் ஒரு முடி மாட்டியிருந்தாலும் தண்ணீர் வரும். மீசை தாடி உள்ளவர்களுக்கு மேலுதட்டருகே கொஞ்சம் கசிவது சகஜம், அங்கே கொஞ்சம் வாசலின் தடவலாம்.

பனி படியாமல் இருக்கக் குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டை உட்பக்கக் கண்ணாடியில் தேய்த்து, மேலோட்டமாக அலசினால் போதும். எச்சில் தடவுவதும் நன்றாகவே வேலை செய்யும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும், அதைப் பற்பசை போட்டுத் தேய்த்து எடுக்காவிட்டால் எதைத் தடவினாலும் பனி படியத்தான் செய்யும்.

மூக்கும் வாயும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க் வாங்கலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இடம் பெரிதாக இருப்பதால், வடிவமைப்பு சரியில்லாதவற்றில் நாம் விட்ட காற்றையே திரும்பச் சுவாசிக்க நேரும். தண்ணீர் புகுந்தால் குழலைத் துப்பிவிடுவது போல ஒரே நொடியில் கழற்றவும் முடியாது. பழைய மாதிரி மாஸ்க்கும் தனிக் குழலும் போதும்.

பவர் கண்ணாடி போடுகிறேன். எனக்கு எதுவும் தெரியாதே?

பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்குகள் உண்டு, வழிகாட்டியிடம் உங்கள் பவரை முன்கூட்டியே சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒருநாள் மட்டும் போட்டு எறியும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும் உண்டு. முடிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

உடல்நிலை பற்றி எதைக் கவனிக்க வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை, நான்தான் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்நோர்க்கெலிங் சுலபமாகத் தெரிந்தாலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது உழைப்புதான். குழல் வழியே சுவாசிக்கக் கூடுதல் முயற்சி வேண்டும், மார்பின் மேல் தண்ணீரின் அழுத்தமும் சேரும். இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வழிகாட்டியிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நீரில் மூழ்குவது என்றால் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். ஸ்நோர்க்கெலிங்கில் அது பல நேரம் சத்தமே இல்லாமல் நடந்துவிடுகிறது. குப்புற மிதப்பவர் ஆமையைப் பார்க்கிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. காரணமில்லாமல் திடீரென்று மூச்சு வாங்கினால், இருமல் வந்தால், கைகால் பலமிழந்தால் உடனே மல்லாந்து படுத்து, குழலைத் துப்பிவிட்டு, கையைத் தூக்கி வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். "இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிடலாம்" என்று இழுக்காதீர்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. முந்தைய இரவு மது அருந்தியவர்கள் அன்றைக்குப் படகிலேயே இருந்துவிடலாம்.

ஆமையின் பின்னால் மூழ்கிப் போக ஆசைப்பட்டு வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு உள்ளே போவது மிக ஆபத்து. மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா?

வயதைவிட, தண்ணீரில் முகம் வைக்கப் பயமில்லாத குழந்தையா என்று பாருங்கள். முகத்துக்கேற்ற சிறிய மாஸ்க் வேண்டும், பெரியவர்களுடையது கசியும். குழந்தைகள் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். காற்றைவிட நீர் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். உதடு நீலம் பாய்ந்தால் விளையாட்டு முடிந்தது, படகில் ஏற்றித் துண்டால் போர்த்துங்கள். இறங்கும் முன்பே "ஆமை அதன் வீட்டில் இருக்கிறது, நாம் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்" என்று சொல்லிவையுங்கள். என் அனுபவத்தில் குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள்.

எந்த நேரம் போவது நல்லது?

காலை. பல கடற்கரைகளில் மதியத்துக்குமேல் காற்று எழும்பி, தண்ணீர் கலங்கும். படகுக் கூட்டமும் அதற்குள் சேர்ந்துவிடும். முந்தைய நாள் மழை கொட்டியிருந்தால் ஆற்றுச் சேறு கலந்து எதுவும் தெரியாது. அலையும் நீரோட்டமும் சரியில்லை என்று வழிகாட்டி சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வானிலையால் ரத்தானால் பணமா, வேறு நாளா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படகில் குமட்டல் வருமே?

மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. சிலருக்கு அதனால் தூக்கம் வரும், அதை முந்தைய நாளே சோதித்துப் பாருங்கள். படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் பூசலாமா?

முழுக்கை நீச்சல் சட்டை போடுவதே முதல் யோசனை. குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் முதுகிலும் முழங்காலின் பின்புறமும்தான் விழும், அங்கெல்லாம் துணி இருந்தால் கவலையே இல்லை. மிச்சமிருக்கும் இடத்துக்குத் துத்தநாக ஆக்சைடு உள்ள கிரீம் போதும். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதற்கு ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை போட்டது. பலாவ் தீவு நாடு அதற்கு ஓராண்டு முன்பே தடை செய்துவிட்டது. டப்பாவில் "பவளத்துக்குப் பாதுகாப்பானது" என்று எழுதியிருப்பதை நம்பிவிடாமல், பின்னால் இருக்கும் பட்டியலைப் படியுங்கள்.

ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) அவசியமா?

நீரோட்டமுள்ள இடத்தில் அவசியம். கையை அடிக்காமல், இடுப்பிலிருந்து மெதுவாகக் காலை அசைத்தாலே போகலாம். சத்தமும் தெறிப்பும் குறையும், ஆமைகள் பயப்படாது. ஃபின்ஸோடு எழுந்து நிற்க முயலாதீர்கள். களைப்பாக இருந்தால் மிதங்கள். பவளத்தின் மேல் ஒருமுறை கால் வைத்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்துபோகலாம், கடற்புல்லில் நின்றால் ஆமையின் மேய்ச்சல் நிலத்தையே மிதிக்கிறோம்.

படம் எடுப்பதற்கு ஏதாவது யோசனை?

ஃபிளாஷ் வேண்டாம். கேமராவை நீளக்கம்பியில் மாட்டி ஆமையின் முகத்துக்கு நேரே நீட்டவும் வேண்டாம், கம்பி நெருங்கினாலும் அது நெருங்குவதுதான். முதல் பத்து நிமிடம் கேமராவையே எடுக்காமல் மிதந்து பாருங்கள். நீங்கள் ஆபத்தில்லை என்று ஆமைக்குத் தெரிந்தபின் எடுக்கும் படம் எப்போதும் நன்றாக இருக்கும்.

ஒரு படமாவது பக்கவாட்டு முகத்தை எடுங்கள். கன்னத்துச் செதில்களின் அமைப்பு ஒவ்வோர் ஆமைக்கும் தனித்தனி. ஆய்வாளர்கள் அதை வைத்தே எந்த ஆமை எங்கே, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று பதிவு செய்கிறார்கள். பல இடங்களில் சுற்றுலாப் பயணிகளின் படங்களையும் வாங்கிக்கொள்வார்கள், வழிகாட்டியிடம் விசாரியுங்கள்.

பதிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும்?

நீங்களும் எங்களோடு தண்ணீரில் இறங்குவீர்களா? முதலுதவி, உயிர்காப்புப் பயிற்சி இருக்கிறதா? மிதவை வளையம் கொண்டுவருவீர்களா? படகில் ஆக்சிஜனும் தொடர்புக் கருவியும் உண்டா? இந்த இடத்தில் அனுமதி தேவையென்றால் உங்களிடம் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் நல்ல வழிகாட்டி சலிக்காமல் பதில் சொல்வார். கடைசியாக, "ஆமையைத் தொடலாமா?" என்று தெரியாதவர் போலக் கேளுங்கள். "தொடக் கூடாது, ஏனென்றால்…" என்று விளக்க ஆரம்பித்தால் அவரை நம்பிப் போகலாம். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வழிகாட்டியே ஆமையைப் பிடித்து, படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால்?

"வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வாடிக்கையாளர் மகிழ்வார் என்ற நினைப்பில்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். அது மகிழ்ச்சி தராது என்று காசு கொடுப்பவர் வாயால் கேட்டால் பழக்கம் மாறும். திரும்பியபின் உங்கள் மதிப்புரையிலும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தொலைவில் நின்று பொறுமையாகக் காட்டியவரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் மறக்காதீர்கள்.

ஆமையோட்டில் செய்த வளையல், சீப்பு வாங்கலாமா?

கூடாது. அவை அழுங்காமையின் ஓட்டில் செய்தவை. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் எல்லாக் கடல் ஆமைகளும் இருப்பதால், அதை நாடு தாண்டிக் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடிபடுவீர்கள். வாங்குபவர் இருப்பதால்தான் இன்னும் கொல்கிறார்கள்.

கடல் ஆமைகள் உண்மையிலேயே அழிந்துகொண்டிருக்கின்றனவா?

வகைக்கு வகை மாறும். நல்ல செய்தி பேராமைக்கு. முட்டையிடும் கரைகளைப் பல பத்தாண்டுகளாகக் காத்ததன் பலனாக, 2025 அக்டோபரில் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் தன் சிவப்புப் பட்டியலில் அதை அருகிவரும் நிலையிலிருந்து, கவலை குறைந்த நிலைக்கு மாற்றியது. அழுங்காமை இன்னும் மிக ஆபத்தான நிலையில்தான் இருக்கிறது. பேராமைக்கும் கவலை தீரவில்லை. முட்டை இருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு பேராமை வளர்ந்து முட்டையிடவே இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். இன்றைய சூட்டின் விளைவு முழுதாகத் தெரியவும் அவ்வளவு காலம் பிடிக்கும்.

காயம்பட்ட ஆமையையோ வலையில் சிக்கியதையோ பார்த்தால்?

நீங்களாக எதுவும் செய்யாதீர்கள், உடனே வழிகாட்டியிடம் காட்டுங்கள். இடம், நேரம், எந்தப் பக்கம் காயம் என்பதைக் குறித்துக்கொண்டு, தள்ளி நின்று ஒரு படம் எடுத்தால் வனவிலங்கு அதிகாரிகளுக்கு உதவும். கழுத்திலும் துடுப்படியிலும் காலிஃபிளவர் போலக் கட்டிகள் இருந்தால் அது பேராமைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோயாக இருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

வாயிலிருந்தோ வாலடியிலிருந்தோ தூண்டில் நரம்பு தொங்கினால் எக்காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது. மறுமுனை குடலில் மாட்டியிருக்கும், இழுத்தால் உள்ளே அறுத்துவிடும். அதிகாரிகளோ மீட்புக் குழுவோ வரும்வரை ஆமையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு, மற்ற படகுகள் நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.